காத்து உள்ளே போகுது, குதிரை வெளியே வருது!

வேங்கிக்காலில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இந்த ஆள் வாயைத் திறந்தால் இன்ஜின், மூடினால் இன்ஜின் என்று. சொல்லட்டும்! கலெக்டர் ஆபீஸ் பக்கம் டீ குடிக்கப் போனால் பிஸ்டன் கதை, பௌர்ணமிக்கு மலை சுற்றப் போனால் 14 கிலோமீட்டரும் கேம் ஷாஃப்ட் கதை. கூட நடந்த சித்தப்பா, அடி அண்ணாமலை தாண்டுவதற்குள் "வால்வு எத்தனை டிகிரிடா திறந்திருக்கும்?" என்று அவராகவே கேட்க ஆரம்பித்துவிட்டார். ஒரு பழைய மாருதி எஸ்டீம் இன்ஜின் கண்ணெதிரே போல்ட் போல்ட்டாகப் பிரிந்து, மறுபடி ஒன்று சேர்ந்து, ரேஸ் இன்ஜினாக எழுந்து கத்தியதைக் கிட்ட நின்று பார்த்தவனுக்கு வேறு என்ன பேச்சு வரும், நீங்களே சொல்லுங்கள்!

கார் என் மச்சானுடையது. ட்ராக்கில் ஓட்டுவதற்கென்றே வாங்கி வைத்திருந்தான். அதை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்கம், ஊத்தங்கரை, சேலம் என்று கோயம்புத்தூர் போனோம். எஸ்டீமா, அது தாத்தா ஓட்டுகிற கார் ஆயிற்றே என்று நினைக்கிறீர்களா? பானெட்டைத் திறந்து பாருங்கள். 1,298 சிசி, நாலு சிலிண்டர், 16 வால்வு. பிளாக்கும் அலுமினியம், ஹெட்டும் அலுமினியம். கம்பெனியில் இருந்து வரும்போதே 85 குதிரை. நம் நாட்டு எல்ஜிபி ஃபார்முலா 4 ரேஸ் கார்களுக்குள் உட்கார்ந்திருப்பதும் இந்த எஸ்டீம் இன்ஜின்தான் என்று தெரிந்த பிறகு, ரோட்டில் எந்த எஸ்டீமைப் பார்த்தாலும் எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது.

பட்டறைக்குள் நுழைந்ததும் அந்த வாசனை! கட்டிங் ஆயில், பெட்ரோல், சூடான அலுமினியத் தூள், கொஞ்சம் டீ. ரேஸ் இன்ஜின் கட்டியே தலை நரைத்த அந்த அண்ணன், நாங்கள் கேட்ட முதல் கேள்வியிலேயே சிரித்துவிட்டார். "பெட்ரோலை எவ்வளவு கூட்டலாம்ணே?" என்றான் மச்சான். "பெட்ரோல் ஊத்தறது சுலபமுங்க தம்பி. காத்தை உள்ள அனுப்பறதுதான் வேலையே. காத்துப் போச்சுன்னா குதிரை தானா வருமுங்க" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரே வார்த்தையில் எனக்கு இன்ஜின் என்றால் என்ன என்று விளங்கிவிட்டது.

கணக்கைப் பாருங்கள், மலைத்துப் போவீர்கள். ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். அதாவது நாம் பங்கில் போடுகிற ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று! நம்ம 1.3 லிட்டர் இன்ஜின் 7,500 ஆர்பிஎம்மில் சுற்றினால் நிமிடத்துக்கு 4,800 லிட்டருக்கு மேல் காற்றை இழுத்தாக வேண்டும். இழுக்க எவ்வளவு நேரம் கிடைக்கிறது தெரியுமா? அந்த வேகத்தில் இன்டேக் வால்வு ஒரு முறை திறந்து மூடுவதற்குள் கிடைப்பது, ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஆறே பங்குதான். கண் சிமிட்டுவதற்குள் பல தடவை நடந்து முடிந்துவிடுகிற காரியம். அந்த ஆறு பங்கு நேரத்துக்குள் எத்தனை காற்றைத் திணிக்க முடியுமோ அத்தனை குதிரை. சிலிண்டரின் போரைப் பெரிசாக்கினால் போதாதா என்று நானும் கேட்டேன். அண்ணன் சாக்பீஸ் எடுத்துத் தரையிலேயே எழுதிக் காட்டினார். சிலிண்டர் விட்டம் 74 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 75.5. அரை மில்லிமீட்டர் போர் அடித்தால் 1,298 சிசி 1,316 ஆகிறது. வெறும் 18 சிசி! தேய்ந்த சிலிண்டரைச் சரிபண்ண அது வேண்டும்தான், ஆனால் குதிரை லாயம் அங்கே இல்லை, ஹெட்டில் இருக்கிறது என்றார்.

ஹெட்! ஐயோ, சிலிண்டருக்கு மேல் மூடியாக உட்கார்ந்து வால்வுகளைத் தாங்குகிற அந்த ஹெட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குக் கை நிற்காது. கழற்றி, கரியெல்லாம் சுரண்டிக் கழுவி, மேசை மேல் குப்புறப் போட்டு, இன்டேக் போர்ட்டுக்குள் என் ஆள்காட்டி விரலை விடச் சொன்னார் அண்ணன். கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். வார்ப்பில் வந்த சொரசொரப்பு, ஒரு பக்கம் சின்ன வரப்பு, வால்வு சீட்டுக்குப் பக்கத்தில் வளைவு திரும்புகிற இடத்தில் ஒரு கூர்மையான விளிம்பு. "காத்து வேகமா வந்து அங்க முட்டி உருண்டுருதுங்க" என்றார். பிறகு டை கிரைண்டரை எடுத்தார். கீய்ய்ய் என்று ஒரு சத்தம், வெள்ளி வெள்ளியாகத் தூள் பறக்கிறது, அவர் மணிக்கட்டு மட்டும் அசைகிறது, மூச்சுக்கூட விடாமல் நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். எல்லாவற்றையும் கண்ணாடியாகப் பளபளப்பாக்கவும் இல்லை அவர். எங்கே எடுக்கணும், எங்கே கைவைக்கவே கூடாது, இரண்டும் தெரிந்த கை அது. வரப்பு போனது, விளிம்பு உருண்டது, சீட்டில் 30, 45, 60 என்று மூன்று கோணம் விழுந்தது. வால்வை வைத்து லேப்பிங் பேஸ்ட் தடவிச் சரக் சரக் என்று தேய்த்து எடுத்தால், சாம்பல் நிறத்தில் ஒரே சீரான மெல்லிய வளையம். மறுபடி விரலை விட்டேன். அதே போர்ட்தானா இது! விரலே வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. காற்று போகாமல் இருக்குமா?

அடுத்து நடந்ததைக் கற்பனை செய்து பாருங்கள். ஹெட்டின் மேல் ஒரு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தகடு, ஓரத்தில் கிரீஸ், நடுவில் ஒரு சின்ன ஓட்டை. பள்ளிக்கூட லேபில் பார்த்த அதே பியூரெட்டில் நீல நிற ஸ்பிரிட். சொட்டுச் சொட்டாக விட்டு, நாலு கம்பஷன் சேம்பரும் எத்தனை சிசி பிடிக்கிறது என்று அளக்கிறார். ஏன் இந்தப் பாடு? ஒரு சிலிண்டருக்கு 324 சிசி சொச்சம். கம்ப்ரஷன் 9.5 இருக்க வேண்டுமென்றால் மேலே எரிகிற இடம் 38 சிசி இருக்கணும். அதையே 10.5 ஆக்க 34 சிசி போதும். நடுவில் இருக்கிற வித்தியாசம் 4 சிசி! ஒரு டீஸ்பூன்கூட இல்லை! அந்த நாலு சிசிக்காக ஹெட்டை ஃபேஸிங் போட்டுத் துளித்துளியாக எடுக்கிறார்கள். கூட எடுத்துவிட்டால் நம் பங்கில் கிடைக்கிற பெட்ரோலுக்குத் தாங்காது, தீப்பொறி பற்றவைத்த சுடர் போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே மூலையில் இருக்கிற கலவை தானாக வெடித்துப் பிஸ்டன் தலையைத் தட்டித் தட்டி ஓட்டையே போட்டுவிடும். நாலு சேம்பரும் ஒரே அளவு வருகிற வரைக்கும் அண்ணன் டீகூடக் குடிக்கவில்லை. நாலாவது சேம்பரில் கடைசிச் சொட்டு விழுந்து, நீலம் ஓட்டை விளிம்பில் வந்து நின்றபோது நான் கைதட்டினேன். பட்டறைப் பையன்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னொரு தடவையும் தட்டினேன்!

இப்போது கேம், வால்வுகளைத் திறந்து மூடவைக்கிற தண்டு. குதிரைத்திறன் என்பது முறுக்குவிசையும் சுற்றும் வேகமும் சேர்ந்த பெருக்கல் கணக்கு. 6,000 ஆர்பிஎம்மில் 100 நியூட்டன் மீட்டர் இருந்தால் 84 குதிரை. அதே 100-ஐ 7,500 வரைக்கும் விடாமல் பிடித்துக்கொண்டு போனால் 105 குதிரை! முறுக்குவிசை கூடவே இல்லை, ஆனால் 21 குதிரை வந்துவிட்டது! கம்பெனி கேம் மேலே போகப் போக மூச்சுவாங்கும், வால்வு சீக்கிரம் மூடிவிடும். ரேஸ் கேம் வால்வை உயரமாகவும் திறக்கும், கூடுதல் நேரமும் பிடித்து வைக்கும். எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்குள் இன்டேக் வால்வு திறந்துகொள்ளும், வெளியே ஓடுகிற புகை தன் வேகத்தாலேயே புதுக் காற்றை உள்ளே இழுத்துவிடும். அதனால்தான் எக்ஸாஸ்ட்டுக்கு அந்த அழகான நாலு குழாய். நாலும் ஒரே நீளமாக வளைந்து வந்து, இரண்டிரண்டாகச் சேர்ந்து, கடைசியில் ஒன்றாகிறது. ஒரு சிலிண்டர் விட்ட புகை குழாயில் ஓடும்போது பின்னால் அழுத்தம் குறைகிறது, அந்தக் குறைவு சரியான நேரத்தில் வந்து சேர்ந்தால் அடுத்த சிலிண்டர் காலியாவது சுலபமாகிவிடுகிறது. குழாயின் நீளத்தில் குதிரை ஒளிந்திருக்கிறது என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் ஸ்கூலில் இயற்பியலை உயிரைக் கொடுத்துப் படித்திருப்பேன்.

பூட்டுகிற நாள் வந்தது. பட்டறையைக் கழுவி, மின்விசிறியை நிறுத்தி, பேச்சையும் குறைத்துவிட்டார்கள். ஏன் என்று கேளுங்கள். 7,500 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 250 தடவை நின்று திரும்புகிறது. மேலே போய்த் திரும்புகிற அந்தக் கணத்தில் பிஸ்டன் தன் எடையைப்போல 3,000 மடங்குக்கு மேல் கனெக்டிங் ராடை இழுக்கிறது. கால் கிலோ பிஸ்டன் என்றால் முக்கால் டன்! அதைத் தாங்கிப் பிடிப்பது ராடின் அடியில் இருக்கும் இரண்டே இரண்டு போல்ட். அதனால் பிஸ்டன்களைத் தராசில் வைத்துக் கிராம் கணக்கில் சமன் செய்கிறார்கள், ராடையும் அப்படியே, கிராங்க்கைத் தனியாகச் சுற்றிவிட்டு பேலன்ஸ் பார்க்கிறார்கள். ரிங்கை சிலிண்டருக்குள் வைத்து இடைவெளியில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்து, அரத்தில் இரண்டு இழுப்பு இழுத்து, மறுபடி பார்க்கிறார்கள். பேரிங்கில் மெழுகு மாதிரி ஒரு மெல்லிய இழையை வைத்து நசுக்கி, அது எவ்வளவு அகலமாகப் பரவுகிறது என்பதை வைத்து ஆயில் ஓடுகிற இடைவெளியை அளக்கிறார்கள். கடைசி ஹெட் போல்ட்டை என்னையே முறுக்கச் சொன்னார் அண்ணன். டார்க் ரெஞ்ச் கையில் கனக்கிறது, மெதுவாக இழுக்கிறேன், இழுக்கிறேன், "டிக்!" அந்த டிக் என் தோள்பட்டை வரைக்கும் வந்தது. அந்த இன்ஜினுக்குள் என் கையால் முறுக்கிய ஒரு போல்ட் இருக்கிறது! பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

கோயம்புத்தூர்க் கைகளுக்கு இது புதுசே இல்லை. 1937-லேயே ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்து காட்டிய ஊர். ஊர் முழுக்க ஃபவுண்டரி, லேத், பம்ப்செட். அங்கிருந்துதான் கரிவரதன் வந்தார். எண்பதுகளின் கடைசியில் மாருதி 800-இன் 796 சிசி, மூணு சிலிண்டர் இன்ஜினை எடுத்து, அதைச் சுற்றி ஒற்றை ஆள் உட்காரும் ரேஸ் கார் கட்டி, ஃபார்முலா மாருதி என்று இறக்கிவிட்டார். கோடீஸ்வரப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் ஃபார்முலா கார் என்றிருந்த நாட்டில், காய்கறி வாங்கப் போகிற கார் இன்ஜினில் ரேஸ்! சோழவரத்தில் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் ஓடிக்கொண்டிருந்த சென்னை ரேஸ், 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த ட்ராக்குக்கு வந்தது. ஃபார்முலா மாருதியில் கைபழகிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா 1 ஓட்டினார், முதுகுக்குப் பின்னால் 3 லிட்டர், பத்து சிலிண்டர் இன்ஜின்! 2010-இல் சென்னையில் இருந்து கருண் சாந்தோக். இந்தியாவில் இருந்து ஃபார்முலா 1 ரேஸ் ஓட்டப் போனவர்கள் இந்த இருவர்தான், இருவருமே தமிழ்நாட்டுக்காரர்கள்! செட்டிப்பாளையத்தில் இருக்கிற கோவை ட்ராக்குக்குக் கரிவரதன் பெயரையே வைத்திருக்கிறார்கள். 2018-இல் டாடாவோடு சேர்ந்து டியாகோ ஜேடிபி என்று 114 குதிரையில் ஒரு சின்னக் கார் வந்ததே, சாதாரண டியாகோவின் 85-க்குப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், அதற்குப் பின்னால் இருந்த ஜேயெம் நிறுவனமும் கோயம்புத்தூர்தான். நம்ம பட்டறை அண்ணனின் கிரைண்டர் அந்த மண்ணில்தான் சுற்றுகிறது.

இனி டைனோ, குதிரையை அளக்கிற இயந்திரம். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். காரின் முன்சக்கரம் இரண்டும் தரையில் புதைத்த உருளை மேல் நிற்கிறது, நாலு பக்கமும் பட்டை போட்டு இறுக்கிக் கட்டியாயிற்று, முன்னால் ஆள் உயர விசிறி. வேலை ஆரம்பிக்கும் முன்னால் எடுத்த பழைய கோடு திரையில் இருக்கிறது, சக்கரத்தில் 69 குதிரை, கியர்பாக்ஸும் டயரும் தின்றது போக மிச்சம். அண்ணன் மடிக்கணினியோடு பக்கத்துச் சீட்டில். சாவி திரும்பியது. ஐட்லிங்கிலேயே பழைய எஸ்டீம் செத்து மறுபிறவி எடுத்துவிட்டது! கும், கும், கும்கும் என்று ஒழுங்கில்லாமல் ஒரு உறுமல், ரேஸ் கேமின் உறுமல், கார் முழுக்க நடுங்குகிறது, கதவில் கைவைத்த எனக்கு விலா எலும்பு நடுங்குகிறது. கலவை மீட்டரைப் பார்த்துக்கொண்டே எரிபொருளைக் கொஞ்சம் கூட்டி, முழு ஆக்ஸிலேட்டரில் 13-க்குக் கொஞ்சம் கீழே நிறுத்தி, இக்னிஷன் டைமிங்கை ஒவ்வொரு டிகிரியாக முன்னால் தள்ளி, தட்டுகிற சத்தம் வருகிறதா என்று காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டு, தலையாட்டி, "இப்பப் போலாமுங்க" என்றார். நாலாவது கியர், மச்சான் ஆக்ஸிலேட்டரைத் தரையோடு அழுத்தினான், மூவாயிரத்தில் முனகல், நாலாயிரத்தில் கனைப்பு, ஐயாயிரம் தாண்டியதும் பாருங்கள், அங்கேதான், அங்கேதான் அந்தக் கேம் கண்ணைத் திறந்தது, சத்தம் கனத்தில் இருந்து கூர்மைக்குத் தாவியது, ஆறாயிரம், பழைய கோடு அங்கே தலைகுனிந்து இறங்கிவிட்டது, புதுக் கோடு இறங்கவே இல்லை, ஏறுகிறது, ஏறுகிறது, ஆறாயிரத்து ஐந்நூறு, ஏழாயிரம், தகரக் கூரை அதிர்கிறது, சூடான ஆயில் வாசனை மூக்கை அறைகிறது, எக்ஸாஸ்ட் குழாய் இருட்டில் செக்கச்செவேலென்று மினுங்குகிறது, நான் என்ன கத்துகிறேன் என்று எனக்கே கேட்கவில்லை, ஏழாயிரத்து ஐந்நூறு! காலை எடுத்தான். பட் பட் படார் என்று பின்னால் நெருப்பு. திரையில் 98. சக்கரத்தில் 98 குதிரை! 29 குதிரை கூடுதல்! எங்கள் ஊர்க் கழனிக் கிணறுகளில் ஓடுகிற 5 எச்பி மோட்டார் கிட்டத்தட்ட ஆறை ஒரே நேரத்தில் போட்டுவிட்ட பலம், அதே 1.3 லிட்டரில், டர்போ இல்லாமல், வெறும் காற்றுக்கு வழிவிட்டதால்! நான் அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் சட்டையில் இருந்த கிரீஸ் எல்லாம் என் சட்டையில். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, துடைத்துக்கொள்ளத் தோன்றவே இல்லை. அன்று போட்ட சட்டையை அம்மா துவைக்கக் கேட்டார்கள், இன்னும் கொடுக்கவில்லை.

செலவாகுமா? ஆகும். மைலேஜ் குறையுமா? குறையும். இப்படி மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்டச் சட்டம் இடம் கொடுக்காது, ட்ராக்குக்கு மட்டும்தான், லாரியில்தான் கொண்டுபோக வேண்டும். அதனால் என்ன! ட்ராக்கில் ஓட்டினால்தானே இந்த இன்ஜினின் அருமையே தெரியும்.

தெரிந்தது! வந்தவாசி, காஞ்சிபுரம் வழியாக விடியற்காலையில் இருங்காட்டுக்கோட்டை போய்ச் சேர்ந்து, 3.7 கிலோமீட்டர் ட்ராக்கில் மச்சான் பக்கத்தில் ஹெல்மெட்டோடு நான். முன்பெல்லாம் நேர்ச்சாலையில் பாதியிலேயே களைத்துப்போகிற கார், இப்போது ஒவ்வொரு கியர் மாற்றும்போதும் மறுபடி ஐயாயிரத்துக்கு மேலே வந்து விழுகிறது, விழுந்த இடத்தில் இருந்து மறுபடி கடிக்கிறது. வளைவில் இருந்து வெளியே வந்து மிதிக்கும்போது ஹெல்மெட் சீட்டில் போய் மோதுகிறது. விரல் விட்டு நான் தடவிய அந்த ஹெட் வழியாகத்தானே இப்போது நொடிக்கு 80 லிட்டர் காற்று போகிறது என்று நினைத்தபோது, ஹெல்மெட்டுக்குள்ளேயே ஓவென்று கத்தினேன். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததே, அந்த போர்ஷே கப் காரின் 4 லிட்டர் இன்ஜினிலும் டர்போ கிடையாது. 510 குதிரை, லிட்டருக்கு 127-க்கு மேல்! நம்ம எஸ்டீம் கம்பெனியில் இருந்து வரும்போது லிட்டருக்கு 65. அங்கேயும் ரகசியம் இதே காற்று, இதே வால்வு, இதே சுற்று வேகம்தான். துபாயில் அது உறுமியபோது தமிழ்நாடே எழுந்து நின்றது, எனக்கு மட்டும் அந்த ஹெட்டுக்குள் யார் கை போயிருக்கும் என்றே ஓடிக்கொண்டிருந்தது.

அதனால் சொல்கிறேன், கேளுங்கள். இருங்காட்டுக்கோட்டையிலோ செட்டிப்பாளையத்திலோ அடுத்து ரேஸ் நடக்கிற அன்று எப்படியாவது போய்விடுங்கள். கேலரியோடு நின்றுவிடாதீர்கள், அனுமதி கேட்டு பேடாக் பக்கம் போங்கள், இன்ஜின் திறந்து கிடக்கிற இடத்தில் நில்லுங்கள், கை கறுத்த ஒரு மெக்கானிக் அண்ணனிடம் "இது எப்படிண்ணே மூச்சு விடுது?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டுவிட்டுப் பிறகு என்னிடம் வாருங்கள். மச்சானும் நானும் அடுத்ததற்கு அடிபோட்டாயிற்று, பழைய பலேனோவின் 1.6 லிட்டர் இன்ஜின் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். எஸ்டீமின் பங்காளிதான் அது, ஆனால் ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர். 90! பிரிக்கப் போகிற அன்றைக்கு ஆள் வேண்டும். நீங்கள் வருகிறீர்களா, வரும்போது 10 நம்பர் ஸ்பேனர் ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்!